வாமனன், யக்ஷன், வலம்புரிப் பிள்ளையார்: ஜயந்த் நார்லிகரின் அறிவியல் கதைகள்

ஜயந்த் நார்லிகர் எழுதிய கதைப் புத்தகங்களின் தலைப்புகளை மட்டும் ஒருவர் வரிசையாகப் படித்தால், இவர் யாரோ புராணப் பிரசங்கம் செய்கிறவர் என்றுதான் நினைப்பார். ‘யக்ஷாஞ்சி தேணகி’ என்றால் யக்ஷர்களின் கொடை. ‘வாமன் பரத் ந ஆலா’ என்றால் வாமனன் திரும்பி வரவில்லை. ‘அந்தராளாதீல் பஸ்மாசுர்’ என்றால் விண்வெளியில் பஸ்மாசுரன். ஒரு சிறுகதைக்கு ‘உஜவ்யா சோண்டேசா கணபதி’ என்று பெயர்; வலப்பக்கம் துதிக்கை திரும்பிய கணபதி என்பது பொருள். ஆனால் எழுதியவரோ உலகறிந்த வானியல் விஞ்ஞானி. ஜோதிடத்தையும், ‘எல்லாம் நம்ம சாஸ்திரத்துலயே இருக்கு’ என்கிற பேச்சையும் வாழ்நாள் முழுக்க மறுத்து எழுதியவர். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் சண்டையில்லாமல் எப்படிக் குடியிருந்தன என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்க நினைக்கிறேன்.

நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். 1985இல் புணேவுக்கு வந்து துளசிபாக் பக்கத்தில் பாத்திரக் கடை வைத்தேன். மராத்தி எனக்குக் கடன் நோட்டில் வந்த மொழி. பேர் எழுதத் தெரிந்தது, தொகை எழுதத் தெரிந்தது, பிறகு மெல்ல மெல்லக் கதை படிக்கவும் தெரிந்தது. கடையிலிருந்து அப்பா பல்வந்த் சௌக் நடந்து போகிற தூரம். புத்தகக் கடைகள் நிறைந்த அந்த இடத்தில்தான் பழைய ‘யக்ஷாஞ்சி தேணகி’ ஒன்று கையில் சிக்கியது. முப்பது நாற்பது வருஷம் மராட்டிய மண்ணில் சோறு தின்றும் மராத்தியில் ஒரு கதைகூடப் படிக்காமல் இருக்கிற நம் சங்கத்து அன்பர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஆசிரியரைப் பற்றிச் சுருக்கமாக. 1938ஆம் ஆண்டு ஜூலை 19இல் கோலாப்பூரில் பிறந்தார். தந்தை காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். தாய் சமஸ்கிருதம் கற்றவர். கேம்பிரிட்ஜில் ஃபிரெட் ஹாயிலிடம் ஆராய்ச்சி செய்தார். அந்த ஹாயிலும் ‘தி பிளாக் கிளவுட்’ போன்ற அறிவியல் நாவல்களை எழுதியவர்தான். 1972இல் மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பினார். 1988இல் புணேயில் ‘ஆயுகா’ என்னும் வானியல் மையத்தைத் தொடங்கி 2003 வரை அதன் இயக்குநராக இருந்தார். காசி, கேம்பிரிட்ஜ், மும்பை, புணே ஆகிய நான்கு ஊர்களைச் சொல்லும் ‘சார் நகராந்தலே மாஜே விஷ்வ’ என்ற சுயசரிதைக்கு 2014ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 2021 டிசம்பரில் நாசிக்கில் நடந்த 94ஆவது அகில பாரத மராத்தி சாகித்ய சம்மேளனத்துக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். உடல்நிலை காரணமாக நேரில் போக முடியவில்லை. 2025 மே 20 அன்று புணேயில் காலமானார்.

கதை எழுத வந்த விதம் ரசமானது. 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் ஓர் அறிவியல் கதைப் போட்டி வைத்தது. பெயரைப் பார்த்துப் பரிசு கொடுத்துவிடுவார்களோ என்று நார்லிகருக்குச் சங்கடம். ஜயந்த் விஷ்ணு நார்லிகர் என்பதன் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி, நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பெயரில் ‘கிருஷ்ணவிவர்’, அதாவது கருந்துளை, என்ற கதையை அனுப்பினார். முதல் பரிசு ஜக்தாப்புக்கே கிடைத்தது. சொந்தப் பெயரின் செல்வாக்கைக் கழித்துவிட்டு, சரக்கை மட்டும் தராசில் வைத்துப் பார்க்க நினைத்த மனிதர். இந்தக் குணம்தான் அவர் கதைகளுக்கும் அடிப்படை.

இனிப் பிள்ளையார் கதைக்கு வருவோம். எனக்கு இதுவே மிகவும் பிடித்தது. மராத்தி வீடுகளில் பிள்ளையாரின் துதிக்கை பெரும்பாலும் இடப்பக்கம் திரும்பியிருக்கும். வலப்பக்கம் திரும்பினால் அவர் கண்டிப்பானவர், மடி ஆசாரம் தவறக்கூடாது என்று பயப்படுவார்கள். மும்பை பிரபாதேவி சித்திவிநாயகர் அப்படிப்பட்டவர். அஷ்டவிநாயகர்களில் சித்தடேக் பிள்ளையாரும் அப்படியே. கதையில் இரண்டு விந்தைகள் வருகின்றன. வலக்கைப் பந்து வீச்சாளன் ஒருவன் டெஸ்ட் ஆட்டத்தில் திடீரென்று இடக்கையால் வீசி எதிரணியைச் சுருட்டுகிறான். இன்னொரு பக்கம், ஒரு பிள்ளையார் சிலையின் துதிக்கை வலமாக மாறியிருக்கிறது. தெய்வ அற்புதம் என்று சொல்ல ஆயிரம் பேர் தயாராக இருக்கிற இடம். ஆசிரியர் காட்டும் காரணம் வேறு: மோபியஸ் பட்டை.

படித்த அன்றே இதைக் கடையில் செய்து பார்த்தேன். பாத்திரம் சுற்றுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் நீளமாக ஒரு பட்டை வெட்டி, ஒரு முறுக்கு முறுக்கி, இரு முனைகளையும் ஒட்டினேன். அதன்மேல் ஓர் இடக்கை உருவத்தை வரைந்து, அப்படியே நகர்த்தி நகர்த்திப் பட்டையை ஒரு சுற்று சுற்றி வரைந்துகொண்டு வந்தேன். புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தபோது இடக்கை வலக்கையாகியிருந்தது! தாள் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிவதால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று எதிரெதிராகத் தெரிகின்றன. நாம் வாழும் வெளியே இப்படி ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டிருந்து, ஒருவன் அதைச் சுற்றி வந்தால் என்ன ஆவான்? இதய துடிப்பு வலப்பக்கம் கேட்கும், சட்டைப் பொத்தான் மாறிப்போகும், பந்து இடக்கையில் வரும். பிள்ளையாரும் விதிவிலக்கு அல்லர்.

வியாபாரியாக இன்னொன்று சொல்ல வேண்டும். வலம்புரி என்றாலே விலை ஏறும். சங்கில் அப்படி, பிள்ளையாரில் அப்படி. அபூர்வம் என்பதாலேயே புனிதம், புனிதம் என்பதாலேயே விலை. அதனால்தான் போலி வலம்புரிச் சங்கும் சந்தையில் உலவுகிறது. நார்லிகரின் கதையில் அந்த அபூர்வத்துக்குக் காரணம் வடிவக் கணிதம். ஆனால் கும்பிடுகிறவனை ஓரிடத்திலும் அவர் கேலி செய்யவில்லை. ‘இடம் எப்படி வலமாயிற்று?’ என்ற கேள்வியைக் கைகூப்பியபடியே கேட்கலாம் என்றுதான் கதை நடக்கிறது. பிள்ளையாரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி ‘எங்கள் முன்னோர்க்கு மோபியஸ் தெரியும்’ என்று சொல்ல வைக்கவில்லை. வாசகன் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த உருவம் அது. அதைக் கொண்டு யாருக்கும் தெரியாத ஒன்றை விளக்குகிறார். புராணம் அவருக்கு உவமைக்கு உதவுகிறது, சான்றுக்கு அல்ல. என் கட்டுரையின் மையம் இதுதான்.

அடுத்து ‘கங்காதர்பந்தாஞ்சே பானிபத்’. இதை நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ஏற்கெனவே படித்திருப்பார்கள், யார் எழுதியது என்று தெரியாமலே! 2006இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகமான ‘ஹார்ன்பில்’லில் ‘தி அட்வென்ச்சர்’ என்ற பாடமாகச் சுருக்கிச் சேர்த்தார்கள். பரீட்சைக்குக் கேள்வி பதில் மனப்பாடம் செய்ததில் கதை போச்சு. மராத்தித் தலைப்பிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. 1761 ஜனவரி 14, சங்கராந்தியன்று, மூன்றாம் பானிபத் போரில் மராட்டியப் படை அழிந்தது. அன்று முதல் மராத்தியில் ஒருவனுக்கு ‘பானிபத் ஆயிற்று’ என்றால் அடியோடு ஒழிந்தான் என்று பொருள். எங்கள் பாத்திரச் சந்தையில் ஒரு கடை திவாலானாலும் இதே சொல்தான்.

கங்காதர்பந்த் கைதோண்டே ஒரு வரலாற்றுப் பேராசிரியர். ஒரு விபத்தில் வேறோர் உலகத்துக்குப் போய்விடுகிறார். அங்கே பானிபத்தில் மராட்டியர் ஜெயித்திருக்கிறார்கள். பேஷ்வாவின் மகன் விஷ்வாஸ்ராவைக் கொல்ல வேண்டிய குண்டு, காதோரம் உரசிக்கொண்டு போய்விட்டது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு விரல் அகலத்தில் நாட்டின் கதையே மாறிவிடுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் பக்கங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (மாற்று வரலாற்றிலும் நம்ம சென்னைக்கு விடிவு இல்லை பாருங்கள்!) ரயிலில் பேராசிரியரோடு வரும் கான் சாகேப் பம்பாயிலிருந்து டில்லி, லாகூர் வழியாகப் பெஷாவர் போகிறவர். ஆசிரியர் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட விளக்குவதில்லை. ரயில் அந்த வழியாகப் போகிறது, அவ்வளவே. அப்படியானால் அந்த உலகில் 1947இன் பிரிவினை நடக்கவில்லை என்பதை வாசகன்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாக அழுத நாவல்களைப் படித்திருக்கிறேன். இந்த ஒரு ரயில் பயணம் எனக்கு அவற்றைவிட அதிகமாக உறைத்தது.

இந்தக் கதையை எளிதாக மராட்டியப் பெருமைக் கதையாக ஆக்கியிருக்கலாம். கைதட்டல் நிச்சயம். ஆனால் ஆசிரியர் என்ன செய்கிறார்? பேராசிரியரை ஆசாத் மைதானத்தில் ஒரு கூட்டத்துக்கு அனுப்புகிறார். அங்கே தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறது; அந்த உலகத்து ஜனங்களுக்குத் தலைமையுரை சலித்துப்போய்விட்டது. 999 கூட்டங்களுக்குத் தலைமை வகித்த நம்மவர் பழக்கதோஷத்தில் போய் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறார், தூக்கி எறியப்படுகிறார். தலைமையுரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று நம் சங்க விழாக்களில் நடப்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். வெற்றி பெற்ற வரலாற்றுக்குள்ளேயே நாயகனுக்கு ஒரு பானிபத். தலைப்பு அதைத்தான் சொல்கிறது.

திரும்பி வந்தவர் சொல்வதை யார் நம்புவார்கள்? இங்கேதான் விஞ்ஞானி வெளியே வருகிறார். பேராசிரியரின் சட்டைப் பையில் ஒரு கிழிந்த தாள் இருக்கிறது. அந்த உலகத்து நூலகத்தில் படித்த ‘பாவுசாகேபாஞ்சீ பகர்’ என்ற வரலாற்று நூலின் பக்கம். நம் உலகப் பிரதியில் குண்டு விஷ்வாஸ்ராவ்மேல் பாய்கிறது. இந்தத் தாளில் காதை உரசிப் போகிறது. கற்பனையின் உச்சியில் நின்றுகொண்டும் ‘பில் எங்கே?’ என்று கேட்கிற எழுத்தாளர் இவர். பில் இல்லாத சரக்கு அவர் கடைக்குள் வராது.

நம் சமயத்து நண்பர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “இது நம்ம ஸ்யாத்வாதம்தானே?” என்றார். அல்ல. ஸ்யாத்வாதம் ஒரே பொருளை வெவ்வேறு நோக்கில் சொல்லும் முறை. இந்தக் கதையில் இருப்பவை இரண்டு உலகங்கள், இரண்டு தாள்கள். யானை ஒன்று, தடவுகிறவர் பலர் என்பது நம்முடையது. யானையே இரண்டு என்பது நார்லிகர் கதை. ஒப்புமை சொல்வதில் தப்பில்லை, ஒன்றாக்குவதுதான் தப்பு.

‘தூமகேது’ எனக்கு அரைகுறைத் திருப்தியே தந்தது. வங்காளத்து வானியல் ஆர்வலர் ஒருவர் சொந்தத் தொலைநோக்கியில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கிறார்; அதற்கு அவர் பெயரே சூட்டப்படுகிறது. பிறகு அது பூமியில் மோதப்போகிறது என்று கணக்குச் சொல்கிறது. விஞ்ஞானிகள் ரகசியமாகக் கூடி, அணுகுண்டு வைத்த விண்கலத்தை அனுப்பி அதைத் திசை திருப்புகிறார்கள். வீட்டிலோ அவர் மனைவி, வால்நட்சத்திரம் அபசகுனம் என்று பேரனை உட்கார வைத்து யாகம் செய்திருக்கிறாள். ஆபத்து விலகியதற்குப் பெயர் யாகத்துக்குப் போகிறது. நடக்கக்கூடியதுதான், தினம் நடப்பதும்தான். ஆனால் மூடநம்பிக்கையைச் சுமக்க மனைவி, அறிவைச் சுமக்கக் கணவன் என்ற பங்கீடு எனக்குப் பிடிக்கவில்லை. நார்லிகரின் மனைவி மங்களா கணித அறிஞர். பிள்ளைகளுக்குக் கணக்கைச் சுவையாக எழுதித் தந்தவர். அப்படிப்பட்ட வீட்டில் இருந்தவர் கதையில் மட்டும் பெண்ணை ஹோம குண்டத்தருகே உட்கார வைத்துவிட்டார். எங்கள் தெருவில் ராகுகாலம் பார்த்துக் கடை திறக்கிறவர்கள் எல்லாரும் மீசை வைத்த ஆண்கள்.

குறை சொல்ல ஆரம்பித்தால் இன்னும் உண்டு. அவர் கதை மாந்தர்கள் பலர் ஒரே அச்சு. இரண்டு நண்பர்கள் உட்கார்வார்கள், ஒருவர் விளக்குவார், மற்றவர் சந்தேகம் கேட்பார். மும்பையில் பனி பெய்து பனியுகம் வருகிற கதையில் கடற்கரை நகரம் வெண்மையாவதை வருணிக்கும் இடம் அருமை. பிறகு பாடம் தொடங்கிவிடுகிறது. நம்ம சுஜாதாவிடம் உள்ள துள்ளல் இவர் நடையில் இல்லை. பால் போண்ட்கே தொகுத்து நேஷனல் புக் டிரஸ்ட் 1993இல் வெளியிட்ட இந்திய அறிவியல் கதைத் தொகுப்பில் இருவர் கதைகளும் இருக்கின்றன. அன்பர்கள் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்கலாம். சுஜாதா வாசகனை ஓட வைப்பார். நார்லிகர் உட்கார வைத்துக் கணக்குப் போட வைப்பார். எனக்கு இரண்டாவதும் வேண்டியிருக்கிறது.

கதைக்கு வெளியேயும் அவர் கணக்குத்தான் போட்டார். 2008இல் புணேயில் ஒரு சோதனை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் 100 பேர், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைத் திரட்டி, ஜோதிடர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகம் அனுப்பி, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். விடை அனுப்பியவர் 27 பேர். சரியான விடை சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வருமே! இந்தச் சோதனையில் அவரோடு இருந்த நரேந்திர தாபோல்கரை 2013 ஆகஸ்ட் 20 அன்று இதே புணேயில் சுட்டுக் கொன்றார்கள். கேள்வி கேட்பது இந்த ஊரில் விளையாட்டுக் காரியம் அல்ல என்பதை நினைவில் வைத்துத்தான் நார்லிகரைப் படிக்க வேண்டும்.

‘தி சயின்டிஃபிக் எட்ஜ்’ என்ற 2003ஆம் ஆண்டு நூலில் அவர் பண்டைய இந்தியரின் கணிதத்தையும் வானியலையும் மனமாரப் புகழ்கிறார். பிரம்மாஸ்திரம் அணுகுண்டு என்பதை மட்டும் ஏற்கவில்லை. குண்டு செய்யத் தெரிந்தவர்களிடம் அதற்கு முந்தைய படிகளான மின்சாரமும் காந்தமும் பற்றிய அறிவு இருந்ததற்கு அடையாளம் எங்கே என்று கேட்கிறார். நம் சங்க மலர்களிலும் புஷ்பக விமானக் கட்டுரைகள் ஆண்டு தவறாமல் வருகின்றன. எழுதுகிறவர்கள் என் மதிப்புக்குரியவர்கள்தான். ஆனால் அந்தக் கட்டுரையைப் படிக்கும் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னால், வாத்தியார் கேட்கும் முதல் கேள்விக்கு அதனிடம் பதில் இருக்காது.

என் சொந்தச் சமயத்தைத் தொட்டே இதைச் சொல்லியாக வேண்டும். ஊரார் வீட்டுக் குப்பையை மட்டும் கூட்டுவது நியாயம் இல்லை. சமண ஆகமப்படி உலகம் அநாதி. படைத்தவன் என்று ஒருவன் இல்லை. காலம் உத்சர்ப்பிணி, அவசர்ப்பிணி என்று ஏறியும் இறங்கியும் முடிவில்லாமல் சுழலும். நார்லிகரோ பெருவெடிப்பை ஏற்காத விஞ்ஞானி. ஹாயில், பாண்டி, கோல்டு ஆகியோர் 1948இல் சொன்ன நிலையான பிரபஞ்சக் கொள்கையைப் பின்பற்றியவர். 1993இல் ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோரோடு சேர்ந்து அதைத் திருத்தி, தொடக்கமில்லாமல் விரிந்தும் சுருங்கியும் வரும் பிரபஞ்சத்தை முன்வைத்தார். கேட்டதுமே நம்மவர்களுக்குப் புல்லரிக்கும். கோயிலில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நார்லிகர் நம்ம ஆகமத்தை நிரூபிச்சிட்டார். மலர்ல நீதாம்பா எழுதணும்” என்றார். ஆசை எனக்கும் இருந்தது.

எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 1965இல் அறிவிக்கப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சுக்குப் பிறகு வானியலார் மிகப் பெரும்பாலோர் பெருவெடிப்புப் பக்கம்தான். நார்லிகர் கடைசி வரை சிறுபான்மைக் கட்சி. அவர் கொள்கையை ஆகமத்துக்குத் தூணாக வைத்தால், தூண் சாயும்போது கூரையும் சாயும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று. பிரபஞ்சம் விரியும்போது அடர்த்தி குறையாமல் இருக்க, புதிதாகப் பொருள் உண்டாக வேண்டும் என்பது ஹாயில்–நார்லிகர் கணக்கு. அதற்கென்று சிருஷ்டிப் புலம் என்றே ஒன்றை அவர்கள் வைத்திருக்கிறார்கள். நம் குந்தகுந்தாசாரியர், எங்கள் பொன்னூர் மலையில் பாதம் வைத்து வணங்கப்படுகிறவர், பஞ்சாஸ்திகாயத்தில் சொல்வது இதற்கு நேர் எதிர்: உள்ளதற்கு அழிவில்லை, இல்லாதது தோன்றாது, பரியாயம் மாறும், திரவியம் மாறாது. ஆக, மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோல் தோன்றுகிற இரண்டும், அடிப்படையிலேயே முரண்படுகின்றன. பெரியவரிடம் இதை விளக்கினேன். “அப்போ அவர் கணக்குலதான் தப்பு இருக்கும்” என்றார்! அதுவும் ஒரு வழிதான்.

நார்லிகரை மறுப்பதும் ஏற்பதும் அவரவர் விருப்பம். அவரை நம் பக்கத்துச் சாட்சியாக இழுப்பது மட்டும் அவர் எழுத்துக்குச் செய்யும் அநீதி. சொந்தப் பெயரையே தலைகீழாக்கி அனுப்பியவரின் பெயரை வைத்து நாம் ஆதாயம் தேடக்கூடாது.

‘வாமன் பரத் ந ஆலா’ 1986இல் வந்த நாவல். பூமிக்கடியில் தோண்டும்போது முன்னொரு காலத்து நாகரிகத்தின் பெட்டி கிடைக்கிறது. அதிலுள்ள அறிவைக் கொண்டு பெரிய கணினி ஒன்றும், பின்பு மனிதனைப் போன்ற இயந்திரமும் செய்கிறார்கள். அந்தப் பழைய நாகரிகம் எப்படி அழிந்தது என்பது பிறகுதான் தெரியவருகிறது. மூன்றடி மண் கேட்டு வந்த குள்ளன் பெயரை அந்த இயந்திரத்துக்கு வைத்தது எவ்வளவு பொருத்தம்! ஏமாந்த பலி யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘முன்னோருக்கு எல்லாம் தெரியும்’ என்ற பேச்சுக்கும் இதிலேயே அவர் பதில் வைத்திருக்கிறார். சரி, தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர்கள் ஏன் அழிந்தார்கள்? செயற்கை அறிவு பற்றி நாளிதழ் தோறும் செய்தி வருகிற இந்நாளில் இதை மறுபடி எடுத்துப் படித்தேன். இயந்திரங்களின் வருணனை பழசாகியிருக்கிறது, பயம் பழசாகவில்லை. 1989இல் வந்த ஆங்கிலப் பதிப்பின் பெயர் ‘தி ரிட்டர்ன் ஆஃப் வாமன்’, வாமனனின் வருகை. மராத்தியில் வரவில்லை என்கிறது, ஆங்கிலத்தில் வந்தான் என்கிறது. நாவலைப் படித்து முடித்தவர்கள் எந்தத் தலைப்பு சரி என்று எனக்குச் சொல்லலாம். என் ஓட்டு மராத்திக்கு.

படிக்கத் தொடங்கும் அன்பர்கள் பிள்ளையார் கதையிலிருந்து தொடங்குங்கள். மராத்தி எழுத்துக்கூட்டத் தடுமாறினால், வீட்டில் பள்ளிக்கூடத்தில் மராத்தி படிக்கிற பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளும் கத்தரிக்கோலும் கையில் இருக்கட்டும்.